பவளத் தொட்டிக்குச் சுண்ணாம்பு: கால்சியம் ரியாக்டரும் அதன் போட்டி முறைகளும்

கண்ணாடித் தொட்டியில் வளரும் கல்பவளம் தன்னைச் சூழ்ந்த நீரிலிருந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் இடைவிடாமல் உறிஞ்சித் தன் கூட்டைக் கட்டுகிறது. கடலில் இந்த இழப்பு யாருக்கும் தெரிவதில்லை. சில நூறு லிட்டர் தொட்டியில் ஓரிரு நாளிலேயே சோதனைக் குப்பியில் தெரிந்துவிடும். பவளம் எடுத்ததை நீருக்கு எப்படித் திருப்பித் தருவது என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. நீரை மாற்றுவது, சுண்ணாம்பு நீர் சொட்டுவிடுவது, இரண்டு உப்புக் கரைசல்களை ஊற்றுவது, பவளக் கல்லையே கரியமில வாயுவால் கரைத்து ஊட்டுவது என அவை பலவகைப்படும். கடைசியாகச் சொன்னதுதான் கால்சியம் ரியாக்டர்.

இந்த முறைகளை ஒன்றுக்கொன்று எதிரிகளாக நிறுத்தி, எது அதிகக் கால்சியம் தருகிறது என்று கேட்பது வழக்கம். அந்தக் கேள்வி பெரும்பாலும் பயன் தருவதில்லை. சரியாக இயக்கினால் ஊட்டும் முறைகள் எல்லாமே கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் தருகின்றன. அவற்றுடன் வேறு என்ன தொட்டிக்குள் வருகிறது, கருவி பழுதானால் கேடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பவற்றில்தான் அவை வேறுபடுகின்றன. முறைகளை அந்த இரண்டு அளவுகோல்களால் எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

## தேவையை அளக்கும் கணக்கு

இயல்பான உப்புத்தன்மை கொண்ட கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 410 மில்லிகிராம் கால்சியமும் 1,280 மில்லிகிராமை ஒட்டி மக்னீசியமும் இருக்கின்றன. காரத்தன்மை லிட்டருக்கு 2.3 மில்லி ஈக்விவலன்ட் அளவில் இருக்கும். மீன்தொட்டி வளர்ப்போர் கையாளும் ஜெர்மன் அளவையான டி.கே.எச்.-இல் இது ஏறக்குறைய 6.5. தொட்டிகளில் 7 முதல் 9 வரை வைத்திருப்பது பரவலான பழக்கம்.

பவளம் இவ்விரண்டையும் நிலையான விகிதத்தில் எடுக்கிறது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் குறையும்போது காரத்தன்மை 2.8 டி.கே.எச். குறையும். 420-இல் 20 போவது ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. 8-இல் 2.8 போவதோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே எந்த முறையைக் கையாண்டாலும் முதலில் சரியும் எண் காரத்தன்மைதான். அன்றாடம் அளக்க வேண்டியதும் அதைத்தான். கால்சியத்தை மட்டும் அளந்துகொண்டிருப்பவருக்குத் தொட்டி தள்ளாடுவது தாமதமாகவே தெரியவரும்.

ஒப்பீட்டுக்காக 400 லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் கல்பவளங்கள் நன்கு வளர்ந்து, நாளொன்றுக்கு 2 டி.கே.எச். குறைகிறது என்க. அப்படியானால் அன்றாடம் ஏறக்குறைய 14 கிராம் கால்சியம் கார்பனேட் நீரிலிருந்து கல்லாகப் படிகிறது. ஆண்டுக்கு 5 கிலோவுக்குச் சற்று மேல். கீழே வரும் ஒவ்வொரு முறையும் இந்த 14 கிராமை எப்படி ஈடுகட்டுகிறது என்று பார்க்கலாம்.

## முதல் விடை: நீரும் மணலும்

பழைய விடை நீரை மாற்றுவது. மென்பவளங்களும் சில மீன்களும் மட்டும் உள்ள தொட்டிக்கு இது இன்றும் போதுமானது. கல்பவளத் தொட்டியில் கணக்கு உதைக்கிறது. 7 டி.கே.எச். நிலையில் இருக்கும் தொட்டியில் வாரம் பத்து சதவீத நீரை எடுத்துவிட்டு, 11 டி.கே.எச். கொண்ட புதுநீரை ஊற்றினால் கிடைப்பது 0.4 டி.கே.எச். மட்டுமே. நம் எடுத்துக்காட்டுத் தொட்டியின் வாரத் தேவை 14. நீர்மாற்றத்துக்கு வேறு பயன்கள் உண்டு. இந்தப் பற்றாக்குறையை அது அடைக்காது.

மற்றொரு விடை பிரான்சின் தென்கரையிலிருந்து வந்தது. நீஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, பின்னர் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துடன் இணைந்து இயங்கிய ஜான் ஜோபேர், அரகோனைட் எனப்படும் கால்சியம் கார்பனேட் மணல் படுகையின் அடியில் நீர் தேங்கும் வெற்றிடம் ஒன்றை விடும் அமைப்பை 1980-களில் உருவாக்கினார். நைட்ரேட்டைக் குறைப்பது அதன் முதன்மை நோக்கம். ஆழ்மணலில் நுண்ணுயிர்களின் செயலால் அமிலத்தன்மை கூடி, மணல் மெல்லக் கரைந்து கால்சியத்தையும் காரத்தன்மையையும் விடுவிக்கும் என்பது அதன் கூடுதல் பயன். வேதியியல்படி இதில் பிழையில்லை. கரையும் வேகத்தை வளர்ப்பவர் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்பதே குறை. பவளங்கள் பெருத்துத் தேவை ஏறும்போது மணல் அதற்கேற்ப ஏறுவதில்லை. ஆயினும் சுண்ணாம்புக் கல்லை அமிலத்தன்மை கொண்ட நீரில் கரைத்து ஊட்டலாம் என்ற கருத்து இதில் இருந்தது. ரியாக்டர் அதே வினையைத் தனிக் குழாய்க்குள் கொண்டுபோய்க் கட்டுப்பாட்டுக்குள் வைத்தது எனலாம்.

## சுண்ணாம்பு நீர்

ஜெர்மன் மொழியில் எழுதிய பேட்டர் வில்கென்ஸ் 1970-களில் பரவலாக்கிய முறை இது. நீற்றிய சுண்ணாம்பைத் தூய நீரில் கலக்கித் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவுநீரைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விட வேண்டும். தொட்டியில் ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றும் நீரையே சுண்ணாம்பு நீராக மாற்றிவிடுவதால் தனி ஏற்பாடு எதுவும் தேவைப்படாது. பொருள் மலிவு, எஞ்சும் உப்பு எதுவும் இல்லை. கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் தொட்டியின் பி.எச். உயரும்.

வரம்பும் அங்கேயே இருக்கிறது. அறை வெப்பநிலையில் சுண்ணாம்பு ஓரளவுக்கு மேல் கரையாது. செறிவுற்ற ஒரு லிட்டர் சுண்ணாம்பு நீர் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடாகும். 14 கிராம் வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 7 லிட்டர் ஊற்ற வேண்டும். 400 லிட்டர் தொட்டியில் நாளுக்கு ஒரு சதவீதம் ஆவியானால் போவது 4 லிட்டர்தான். காற்றில் ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் ஆவியாவது இன்னும் குறையலாம். குளிரூட்டிய அறையிலோ விசிறி வைத்த தொட்டியிலோ கூடலாம். ஆக இந்த முறையின் மேல்வரம்பைத் தீர்மானிப்பது பவளத்தின் பசியல்ல, அறையின் காற்று.

இரண்டாவது பலவீனம் அதன் காரம். செறிவுற்ற சுண்ணாம்பு நீரின் பி.எச். 12.4-ஐ ஒட்டியது. நீர்மட்ட உணரி சிக்கிக்கொண்டு ஒரே மூச்சில் சில லிட்டர் இறங்கினால், பி.எச். தாவி ஏறி, நீர் பால்நிறமாகி, கால்சியம் கார்பனேட் ஹீட்டர்மீதும் பம்ப்மீதும் படியும். இதைத் தடுக்கச் சுண்ணாம்பு நீர்க் கலனின் கொள்ளளவைச் சிறிதாக வைப்பது, நாள் முழுவதற்கும் பிரித்துச் சொட்டுவது போன்ற ஏற்பாடுகள் உண்டு. அபாயம் குறையுமே தவிர, முற்றிலும் நீங்காது.

## இரு கரைசல் முறை

கால்சியம் குளோரைடை ஒரு கரைசலாகவும், சமையல் சோடாவையோ சலவைச் சோடாவையோ மற்றொரு கரைசலாகவும் வைத்து, இரண்டையும் சமமாக ஊட்டுவது இது. 1990-களில் ஹான்ஸ்-வெர்னர் பாலிங் இதை ஒழுங்குபடுத்திய வடிவம் அவர் பெயராலேயே வழங்குகிறது. அமெரிக்க வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி கடையில் கிடைக்கும் எளிய உப்புகளைக் கொண்டே இதைச் செய்யும் செய்முறைகளை எழுதிப் பரப்பினார். நுண்ணளவு ஊட்டும் பம்ப்கள் மலிவானதும் சிறு, நடுத்தரத் தொட்டிகளில் இம்முறை முன்னுக்கு வந்தது. கால்சியத்தையும் காரத்தன்மையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க முடிவது வேறெந்த முறையிலும் இவ்வளவு எளிதல்ல.

இதன் உடன்வரவு உப்பு. ஒவ்வொரு 100 கிராம் கால்சியம் கார்பனேட் படியும்போதும் ஏறக்குறைய 117 கிராம் சோடியம் குளோரைடு நீரில் எஞ்சுகிறது. நம் தொட்டியில் அது நாளுக்கு 16 கிராமுக்கு மேல், ஆண்டுக்கு 6 கிலோ. 400 லிட்டர் கடல்நீரிலுள்ள மொத்த உப்பே 14 கிலோ அளவுதான். உப்புத்தன்மையை நன்னீர் ஊற்றிச் சரிசெய்துவிடலாம். ஆனால் அப்படிச் செய்தால் சல்பேட், பொட்டாசியம் முதலியவற்றின் பங்கு மெல்லக் குறையும். பாலிங் தம் முறையில் சோடியம் குளோரைடு நீக்கிய கடலுப்பை மூன்றாவது கரைசலாகச் சேர்த்தது இதற்காகத்தான். தொடர்ந்து நீர் மாற்றுபவருக்கு இது பெரிய சிக்கலல்ல. நீர் மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் ஊட்டுபவர் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

அண்மைக் காலத்தில் கால்சியம் ஃபார்மேட், கால்சியம் அசிட்டேட் போன்ற கரிமச் சேர்மங்களைக் கொண்ட ஒற்றைக் கரைசல்களும் வந்துள்ளன. பாக்டீரியா அவற்றைச் சிதைக்கும்போது காரத்தன்மை கிடைக்கிறது. சிறு தொட்டிக்கு வசதியான வழிதான். ஆனால் ஆக்சிஜனைச் செலவழிக்கும். தேவை மிகுந்த பெரிய தொட்டியில் அந்தச் செலவு பொருட்படுத்த வேண்டியதாகலாம்.

## ரியாக்டர் செய்வது என்ன?

1980-களில் பெர்லின் வளர்ப்பாளர்கள் உயிர்ப்பாறையும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும் கொண்ட எளிய தொட்டிகளில் கல்பவளங்களைச் செழிக்க வைத்தார்கள். வளர்ச்சி கூடியதும் ஊட்டத் தேவையும் கூடியது. இந்தப் பின்னணியில், டுசெல்டார்ஃப் நகரின் லொப்பெக்கெ அருங்காட்சியகம்-அக்வாசூவைச் சேர்ந்த ரொல்ஃப் ஹெபிங்ஹவுஸ் 1990-களில் கரியமில வாயுவால் இயங்கும் ரியாக்டரை அறிமுகப்படுத்தினார். பொதுக் காட்சியகம் ஒன்றில் அது தோன்றியது பொருத்தமே. ஆயிரக்கணக்கான லிட்டர் கொண்ட தொட்டிகளுக்குக் குப்பி குப்பியாகக் கரைசல் கலக்குவது நடைமுறைக்கு ஒவ்வாது.

கருவியின் உள்ளமைப்பு எளியது. மூடிய குழாய் ஒன்றில் மீடியா எனப்படும் பவளக் கல் துண்டுகள் நிரம்பியிருக்கும். பம்ப் ஒன்று குழாய்க்குள்ளேயே நீரைச் சுழற்றும். அதற்குள் கரியமில வாயு குமிழி குமிழியாக இறங்கும். பி.எச். 6.5-ஐ நெருங்கும்போது கல் கரையத் தொடங்கி, நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் செறியும். தொட்டியிலிருந்து மெல்லிய ஓட்டமாக உள்ளே வரும் நீர், அதே அளவில் செறிவுற்ற நீராக வெளியே சொட்டும். பவளம் கட்டிய கல்லைக் கரைத்தே ஊட்டுவதால் கால்சியமும் காரத்தன்மையும் பவளம் எடுக்கும் விகிதத்திலேயே திரும்புகின்றன. ஸ்ட்ரான்ஷியம் போன்ற சிறு தனிமங்களும் ஓரளவு வருகின்றன. எஞ்சும் உப்பு இல்லை. ஆவியாதல் என்ற மேல்வரம்பும் இல்லை.

விகிதம் மாறாதது பலம் என்றால் அதுவே குறையும் ஆகிறது. ஏற்கெனவே சமநிலை குலைந்த தொட்டியை ரியாக்டர் சீராக்காது. கால்சியம் 350-இலும் காரத்தன்மை 9-இலும் நிற்கும் நீரில் ரியாக்டரைப் பொருத்தினால் அந்தக் கோணல் அப்படியே தொடரும். முதலில் உப்புகளைக் கையால் சேர்த்து எண்களைச் சரிசெய்துவிட்டு, நிலைநிறுத்தும் பொறுப்பை மட்டுமே ரியாக்டரிடம் விட வேண்டும்.

## கரியமில வாயுவின் வரவு செலவு

ஊட்டம் உள்ளே வந்து கல்லாகப் படியும்வரை முழு வினையையும் கூட்டிப் பார்த்தால் முறைகளின் உண்மையான வேறுபாடு தெரியும். ஒரு பங்கு கால்சியம் கார்பனேட் படியும்போது, சுண்ணாம்பு நீர் வழியில் ஒரு பங்கு கரியமில வாயு தொட்டியிலிருந்து குறைகிறது. சலவைச் சோடா வழியில் வரவும் இல்லை, செலவும் இல்லை. சமையல் சோடா வழியில் ஒரு பங்கு கூடுகிறது. ரியாக்டரிலும் ஒரு பங்கு கூடுகிறது. கல்லைக் கரைக்கப் பயன்பட்ட வாயு, பவளம் மறுபடி கல் கட்டும்போது நீருக்குத் திரும்பிவிடுகிறது.

ஆகவே, ரியாக்டர் பி.எச்.-ஐக் குறைக்கும் என்ற குற்றச்சாட்டு உண்மைதான். ஆனால் அது ரியாக்டருக்கு மட்டும் உரியதன்று. சமையல் சோடாவை ஊட்டுபவரும் அதே கணக்கில்தான் இருக்கிறார். ரியாக்டருக்கே உரிய கூடுதல் சுமை, கல்லுடன் வினைபுரியாமல் நீரோடு வெளியேறும் உபரி வாயு. நம் எடுத்துக்காட்டில் கல்லைக் கரைக்க நாளுக்கு 6 கிராம் வாயு போதும். உபரியையும் சேர்த்தால் 10 கிராமை ஒட்டி வரலாம்.

இதைக் குறைக்க மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. வெளிவரும் நீரை இரண்டாவது மீடியாக் குழாய் வழியே செலுத்தி உபரி வாயுவையும் கல் கரைக்கச் செய்வது ஒன்று. ஸ்கிம்மருக்கு அருகே அந்த நீரை விட்டு வாயுவைக் காற்றில் கலக்கவிடுவது மற்றொன்று. பி.எச். தாழும் இரவு நேரத்தில் சிறிதளவு சுண்ணாம்பு நீர் சொட்டுவது மூன்றாவது. இம்மூன்றாவது வழியில் இரு முறைகளின் குறைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. சன்னல் சாத்திய குளிரூட்டிய அறையில், அங்கே இருப்போரின் மூச்சுக் காற்றே தொட்டியின் பி.எச்.-ஐக் கீழே இழுக்கக்கூடும். அந்தத் தாழ்வையும் ரியாக்டரின் கணக்கில் எழுதிவிடுவது அடிக்கடி நேரும் தவறு.

## மீடியாவும் சட்டமும்

மீடியாவாகப் பயன்படுவது பெரும்பாலும் அரகோனைட் வகைக் கால்சியம் கார்பனேட். குவாரிச் சுண்ணாம்புக் கல் பொதுவாகக் கால்சைட் வகையைச் சேர்ந்தது. அரகோனைட் அளவுக்கு எளிதில் கரையாது, அதில் கலந்துள்ள மாசுகளும் இன்னவென்று தெரியாது. துண்டுகளின் பருமன் பற்றி இரு கருத்துகள் உண்டு. சிறு துண்டுகள் மேற்பரப்பு மிகுதியால் விரைவில் கரையும். ஆனால் இறுகிக் குழம்பாகி நீரோட்டத்தை அடைக்கும். பெரிய துண்டுகள் அடைக்காது. அதே செறிவுக்குக் கூடுதல் மீடியாவோ தாழ்ந்த பி.எச்.-ஓ தேவைப்படும். பி.எச். மிகத் தாழ்ந்துவிட்டால் எந்த மீடியாவும் சேறாகும். பவளக் கூட்டில் மக்னீசியம் குறைவாகவே இருப்பதால், பவளப்பாசி மிகுந்த தொட்டிகளில் மக்னீசியம் கலந்த மீடியாவைச் சிறு பங்கு சேர்ப்பதுண்டு. சில மீடியாக்கள் கரையும்போது பாஸ்பேட்டும் வெளிவரும். பொருத்திய முதல் வாரங்களில் வெளிவரும் நீரில் அதை அளந்து பார்ப்பது நல்லது.

இந்திய வாசகருக்கு இதற்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று உண்டு. 2001 முதல் கல்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உயிருள்ள பவளத்தை வைத்திருப்பது மட்டுமல்ல, மண்டபம், ராமேசுவரம், தூத்துக்குடிக் கரைகளில் பவளத் துண்டுகளைப் பொறுக்கி மீடியாவாக்குவதும் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வரும். சட்டத்துக்குப் பின்னால் பட்டறிவும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் நெடுங்காலம் பவளக் கல் வெட்டப்பட்டது. அலையைத் தடுத்த பாறை போனபின் தீவுகள் அரிக்கப்பட்டன. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. இலங்கையின் தென்மேற்குக் கரையிலும் சுண்ணாம்புக் காளவாய்கள் பவளத்தைத் தின்ற வரலாறு உண்டு. உயிருள்ள பாறையை நம்பாத, மூலம் தெளிவான தொல்படிவ மீடியாவையே தேர்வது அறத்துக்கும் சட்டத்துக்கும் பொருந்தும். பன்னாட்டு வணிக உடன்படிக்கையான சைட்டிஸ் கல்பவளங்களைக் கட்டுப்படுத்தினாலும் தொல்படிவங்களுக்கு விலக்கு அளிக்கிறது.

## பொருத்துவதில் மூன்று பள்ளிகள்

ரியாக்டரின் அளவைத் தொட்டியின் கொள்ளளவை வைத்துத் தேர்வதே வழக்கம். விற்பனைப் பெட்டிகளிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கும். இது நம்பத்தக்க வழியன்று. மென்பவளங்கள் நிறைந்த 1,000 லிட்டரைவிடக் கல்பவளங்கள் நெருங்கிய 300 லிட்டர் கூடுதலாகக் கேட்கலாம். எல்லா ஊட்டத்தையும் இரண்டு, மூன்று நாள் நிறுத்திக் காரத்தன்மை எவ்வளவு குறைகிறது என்று அளப்பதே நேரான வழி. குறைவு நாளுக்கு அரை டி.கே.எச்.-க்கும் கீழே இருந்தால் ரியாக்டரின் செலவும் சிக்கலும் வீண் என்ற கருத்து வலுவானது.

தேவை தெரிந்தால் நீரோட்டத்தைக் கணக்கிட்டுவிடலாம். நம் 400 லிட்டர் தொட்டிக்கு நாள் தேவை 2 டி.கே.எச். தொட்டி நீர் 8-இலும் ரியாக்டரிலிருந்து வெளிவரும் நீர் 25-இலும் இருந்தால், ஒவ்வொரு லிட்டரும் 17 கூட்டுகிறது. 800-ஐ 17-ஆல் வகுக்க, நாளுக்கு 47 லிட்டர்; அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 33 மில்லி லிட்டர். வெளிவரும் நீர் 35 என்றால் நிமிடத்துக்கு 21 மில்லி லிட்டரே போதும். செறிவைக் கூட்டுவது சிக்கனம் எனத் தோன்றலாம். ஆனால் செறிவு கூடக்கூட, அதைக் கரைந்த நிலையில் நிறுத்தி வைக்கத் தேவையான உபரி வாயு அதைவிட வேகமாகக் கூடுகிறது. மிதமான செறிவும் சற்று வேகமான ஓட்டமும் பெரும்பாலும் தொட்டியின் பி.எச்.-க்கு இணக்கமானவை.

இயக்கத்தைக் கட்டுப்படுத்துவதில் மூன்று பள்ளிகள் உள்ளன. முதல் பள்ளி வாயுவையும் நீரோட்டத்தையும் ஊசி வால்வுகளால் ஒருமுறை அமைத்துவிட்டு, குமிழிகளையும் சொட்டுகளையும் எண்ணும். உணரி இல்லாததால் அது பழுதாகும் வாய்ப்பும் இல்லை. ஆனால் மெல்லிய வால்வில் சுண்ணாம்பு படிந்து ஓட்டம் நாளடைவில் குறையும். வாயு அதே அளவில் வந்துகொண்டிருக்க, உள்ளே பி.எச். சரியும். இரண்டாவது பள்ளி குழாய்க்குள் பி.எச். உணரியை வைத்து, குறித்த எண்ணுக்குக் கீழே போனால் சொலினாய்டு வால்வு வாயுவை நிறுத்துமாறு செய்யும். சீராக இயங்கும், ஆனால் முழு நம்பிக்கையும் ஓர் உணரியின் மேல். உணரி மூப்படைந்து உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டினால், கருவி வாயுவைத் தொடர்ந்து திறந்துவிட்டு மீடியாவைச் சேறாக்கும். குறித்த இடைவெளியில் அளவுத்திருத்தம் செய்யாத கட்டுப்பாட்டுக் கருவி, கட்டுப்பாடே இல்லாததைவிட மோசம்.

அண்மையில் செல்வாக்குப் பெற்றிருப்பது மூன்றாவது பள்ளி. தொடர்ந்து இயங்கத் தக்க பெரிஸ்டால்டிக் பம்ப் வெளிவரும் பக்கத்திலிருந்து நீரை இழுக்கும், ஓட்டம் மாறுவதில்லை. வாயுவை மட்டுமே நுணுக்கமாக மாற்றினால் போதும். அடைப்பு என்ற பழைய நோய் இதனால் பெருமளவு தீர்ந்திருக்கிறது. குழாய்க்குத் தேய்மானம் உண்டு, ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும் என்பன இதன் விலை.

எந்தப் பள்ளியானாலும் ஒழுங்கு ஒன்றே. முதலில் நீரோட்டத்தை நிலைப்படுத்திக்கொண்டு, வாயுவைக் குறைவாகத் தொடங்கி, ஒருநாள் கழித்து வெளிவரும் நீரையும் தொட்டி நீரையும் அளந்து, ஒரு நேரத்தில் ஒரே விசையை மட்டும் திருப்ப வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

## பழுது எந்தப் பக்கம் சாயும்?

சுண்ணாம்பு நீரின் பழுது பி.எச்.-ஐ உயர்த்துகிறது. இரு கரைசல் முறையில் ஊட்டும் பம்ப் சிக்கினால் ஒரு கரைசல் மட்டும் கொட்டி, காரத்தன்மை திடீரென ஏறலாம். ரியாக்டரின் பழுதுகள் இரு வகைப்படும். அடைப்பு ஏற்பட்டாலோ பம்ப் நின்றாலோ ஊட்டம் குறையும். தொட்டி நாட்கணக்கில் மெல்லச் சரியும், கவனித்துத் திருத்த நேரம் கிடைக்கும். வாயு கட்டுமீறினால் கேடு விரைவாக வரும்.

அது கட்டுமீறும் தருணங்களில் ஒன்று சிலிண்டர் தீரும் நேரம். ஒற்றை நிலை ரெகுலேட்டரில், சிலிண்டரின் அழுத்தம் சரியும்போது வெளிப்பக்க அழுத்தம் உயர்ந்து, எஞ்சிய வாயு ஒரேயடியாக இறங்கக்கூடும். இரு நிலை ரெகுலேட்டருக்குக் கூடுதல் விலை கொடுக்கச் சொல்வதன் காரணம் இதுதான். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று அழுத்தமானி சொல்லாது. 20 டிகிரி வெப்பத்தில் உள்ளே திரவம் இருக்கும்வரை அது ஏறக்குறைய 57 பாரிலேயே நிற்கும். 31 டிகிரியைத் தாண்டினால் கரியமில வாயு திரவமாக நிற்பதே இல்லை. தமிழகத்துக் கோடையில் சமையலறைப் பக்கமோ மொட்டை மாடி அறையிலோ வைத்த சிலிண்டரின் மானி வெப்பத்துக்கேற்ப ஏறி இறங்குவதைப் பார்த்து முடிவெடுப்பது பயனற்றது. எடைபோட்டுப் பார்ப்பதே வழி. சிலிண்டரை நிழலில் நிறுத்தி, சாயாதபடி கட்டி, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும் என்பது தொட்டியைவிட வீட்டாருக்கான எச்சரிக்கை. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு காற்றைவிடக் கனமானது. சாத்திய சிறு அறையில் கசிந்தால் உயிருக்கே ஆபத்தாகும்.

## இன்னும் முடியாத கேள்விகள்

சிலவற்றைக் குறித்து ஓரளவு உறுதியாகப் பேசலாம். தேவை குறைந்த தொட்டிக்கு நீர்மாற்றமும் சுண்ணாம்பு நீரும் போதும். நடுத்தரத் தேவைக்கு இரு கரைசல் முறை எளிது. தேவை மிகுந்து, தொட்டி பெரிதாகி, அன்றாடம் கரைசல் கலக்குவது சுமையாகும் நிலையில் ரியாக்டரின் வாதம் வலுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் உடன்வரவு ஒன்று உண்டு: முதலாவதற்கு ஆவியாதல் வரம்பு, இரண்டாவதற்கு உப்பு, மூன்றாவதற்குக் கரியமில வாயு.

தாழ்ந்த பி.எச். பவள வளர்ச்சியை எந்த அளவு பாதிக்கிறது என்பது அவ்வளவு தெளிவாக இல்லை. அரிசோனாவின் பயோஸ்ஃபியர் 2 வளாகத்திலிருந்த பவளத் தொட்டியில் கிறிஸ் லாங்டன் குழுவினர் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு, கல் கட்டும் வேகம் நீரின் அரகோனைட் செறிவு நிலையைப் பின்தொடர்வதைக் காட்டியது. ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவுப் பாறையில் காரத்தன்மையை உயர்த்திப் பார்த்து 2016-இல் ரெபெக்கா ஆல்பிரைட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் கல் கட்டுதல் சுமார் 7 சதவீதம் கூடியது. இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஆனால் செறிவு நிலை பி.எச்.-ஐ மட்டும் சார்ந்ததல்ல. காரத்தன்மையும் கால்சியமும் அதைத் தீர்மானிக்கின்றன. 7.9 பி.எச்.-இல் 9 டி.கே.எச்.-உடன் நிற்கும் ரியாக்டர் தொட்டி, 8.2 பி.எச்.-இல் 6.5 உடன் நிற்கும் தொட்டியைவிட, பி.எச். வேறுபாடு மட்டும் காட்டும் அளவுக்குப் பின்தங்கியதாக இருக்க வேண்டியதில்லை. கடலிலும் பெருந்தொட்டியிலும் கண்டதை வீட்டுத் தொட்டிக்கு அப்படியே நீட்ட முடியுமா என்பது ஐயத்துக்குரியது.

இரண்டாவது மீடியாக் குழாய் எந்த அளவு பலன் தருகிறது, கரைந்த மீடியா தரும் சிறு தனிமங்கள் உண்மையில் எந்த அளவு போதுமானவை, உயர்ந்த காரத்தன்மையும் ஊட்டச்சத்துக் குறைந்த நீரும் சேர்ந்தால் பவள நுனிகள் வெளுக்கின்றன என்ற வளர்ப்பாளர்களின் கூற்றில் காரணம் எது, தற்செயல் எது என்பனவும் கட்டுப்படுத்திய ஒப்பீடுகள் போதாத கேள்விகளே. இவற்றில் உறுதியாகப் பேசும் குரல்கள் பெரும்பாலும் ஒரே தொட்டியின் பட்டறிவிலிருந்து வருகின்றன. அத்தகைய தொட்டியில் வெளிச்சமும் நீரோட்டமும் உணவும் சேர்ந்தே மாறியிருக்கும்.

இன்றைய நிலையில் இவ்வளவு சொல்லலாம். ரியாக்டர் மற்ற முறைகளை வென்ற கருவி என்பதற்கோ, காலங்கடந்த கருவி என்பதற்கோ போதிய சான்று இல்லை. அதைத் தேர்வதற்கு முன் விடை காண வேண்டிய கேள்விகள் மூன்று: நாளுக்கு எத்தனை டி.கே.எச். குறைகிறது, கூடுதல் கரியமில வாயுவை அந்த அறையும் தொட்டியும் வெளியேற்ற முடியுமா, வாயு கட்டுமீறினால் யாரேனும் சில மணி நேரத்துக்குள் கவனிப்பார்களா. மூன்றுக்கும் தெளிவான விடை உள்ள தொட்டிக்கு ரியாக்டர் ஏற்றது. மூன்றாவதற்கு விடை இல்லாத வீட்டில் மெதுவாகப் பழுதாகும் எளிய முறையே பாதுகாப்பானது.